யாருக்குக் கொடுத்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள்?

(படிப்பு வட்டங்களுக்கான பாடம்)



இந்த முறை நாம் படிக்கப்போவது அரசாங்கம் கொடுக்கும் நிவாரணப் பணத்தைப் பற்றி. அதிலும் குறிப்பாக, 2020ஆம் ஆண்டு கொரோனாத் தொற்று வந்தபோது அமெரிக்க அரசாங்கம் தன் நாட்டுப் பண்ணைக்காரர்களுக்குக் கொடுத்த பணத்தையும், அந்தப் பணம் யாருக்குப் போனது என்று பொதுமக்கள் கண்டுபிடித்த விதத்தையும் பார்ப்போம்.

"அமெரிக்காவுல பண்ணைக்காரனுக்குக் காசு கொடுத்தா நமக்கென்ன?" என்று சிலர் கேட்பீர்கள். கேள்வி நியாயம்தான். ஆனால் கொழுந்து நிறுக்கிற இடத்தில் நாம் என்ன செய்கிறோம்? தராசு முள் எங்கே நிற்கிறது என்று எட்டிப் பார்க்கிறோம். நிறுக்கிறவர் கள்ளர் என்பதால் இல்லை. பார்க்கிற கண் இருந்தால் நிறுவை நேராக இருக்கும் என்பதால். அரசாங்கப் பணமும் அப்படித்தான். அதைப் பார்க்கிற கண் பொதுமக்களுக்கு இருக்க வேண்டும். அந்தக் கண்ணைத் திறக்க ஒரு பெரிய நாட்டில் என்ன பாடுபட்டார்கள் என்று தெரிந்துகொண்டால், நம் நாட்டில் நமக்கிருக்கும் உரிமையின் மதிப்பும் விளங்கும்.

1. பணம் எதற்காக வந்தது?

2020 மார்ச் மாதம் அமெரிக்காவில் பள்ளிக்கூடங்கள், ஹோட்டல்கள், சாப்பாட்டுக் கடைகள் எல்லாம் மூடப்பட்டன. அந்த இடங்களுக்குப் பாலும் காய்கறியும் இறைச்சியும் கொடுத்துவந்த பண்ணைகள் திடீரென்று வாங்க ஆளில்லாமல் நின்றன. கறந்த பாலைக் கொட்டினார்கள். விளைந்த காய்கறியை வயலிலேயே உழுது மூடினார்கள். இறைச்சித் தொழிற்சாலைகளில் தொழிலாளர்களுக்குத் தொற்று பரவி அவையும் மூடப்பட்டதால், வளர்த்த பன்றிகளை விற்க வழியில்லாமல் பலர் தவித்தார்கள். ஒரு பக்கம் உணவு வீணாகிறது. மறுபக்கம் வேலை இழந்தவர்கள் இலவச உணவுக்கு வரிசையில் நிற்கிறார்கள். இதுதான் அன்றைய நிலைமை.

2020 மார்ச் 27ஆம் திகதி அமெரிக்காவில் பெரிய நிவாரணச் சட்டமொன்று கையெழுத்தானது. அதைத் தொடர்ந்து ஏப்ரல் 17ஆம் திகதி அந்நாட்டு விவசாயத் திணைக்களம் 1,900 கோடி டொலர் திட்டம் ஒன்றை அறிவித்தது. அதில் 1,600 கோடி டொலர் பண்ணைக்காரர்களுக்கு நேரடியாகக் கொடுக்க. 300 கோடி டொலர் உணவுப் பொருள்களை வாங்கி ஏழைகளுக்குப் பகிர. செப்டெம்பரில் 1,400 கோடி டொலர் வரையான இரண்டாவது சுற்றும் அறிவிக்கப்பட்டது.

இதைவிட வேறொரு திட்டமும் இருந்தது. சிறு வியாபாரங்கள் தங்கள் தொழிலாளர்களை நிறுத்தாமல் சம்பளம் கொடுப்பதற்காகக் கொடுத்த கடன் அது. சொன்னபடி சம்பளத்துக்குச் செலவழித்தால் கடனைத் திருப்பிக் கட்டத் தேவையில்லை. பண்ணைகளும் இதற்கு விண்ணப்பிக்கலாம். 2021 மே மாதம் வரை இந்தத் திட்டத்தில் மட்டும் சுமார் 80,000 கோடி டொலர் போனது. இதை நாம் 'சம்பளக் கடன்' என்று சொல்லிக்கொள்வோம்.

2. எப்படிப் பங்கிட்டார்கள்?

பங்கீட்டு விதியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஏனென்றால் நியாயமும் அநியாயமும் பெரும்பாலும் விதியில்தான் ஒளிந்திருக்கும்.

முதல் சுற்றில் பணம் தலைக்கு இவ்வளவு என்று கொடுக்கப்படவில்லை. எத்தனை மாடு, எத்தனை மூடை தானியம், எவ்வளவு பால் என்று பார்த்துக் கொடுக்கப்பட்டது. உதாரணமாக, 2020 ஜனவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை விற்ற கொழுத்த இறைச்சி மாடு ஒன்றுக்கு 214 டொலர். இப்போது கணக்குப் போடுங்கள். பத்து மாடு விற்றவருக்கு 2,140 டொலர். ஆயிரம் மாடு விற்றவருக்கு 2,14,000 டொலர்.

"நட்டம் கூடினவனுக்குக் கூடக் கொடுக்கிறது சரிதானே?" என்று ஒருவர் சொல்லலாம். அதிலும் ஒரு நியாயம் உண்டு. ஆயிரம் மாடு வைத்திருப்பவருக்கு நட்டமும் கூடத்தான். "பெரியவன் தாங்குவான், சின்னவன் தாங்கமாட்டான்" என்று இன்னொருவர் சொல்லலாம். அதுவும் நியாயம்தான். இதற்கு நடுவே ஒரு எல்லை வைத்தார்கள். ஒரு ஆளுக்கு ஆகக்கூடியது 2,50,000 டொலர். ஆனால் கொம்பனியாகப் பதிந்திருந்தால், அதில் மூன்று பங்காளிகள் ஒவ்வொருவரும் 400 மணித்தியாலத்துக்குக் குறையாமல் பண்ணை வேலையோ நிர்வாக வேலையோ செய்ததாகக் காட்டினால், 7,50,000 டொலர் வரை வாங்கலாம். 'நிர்வாக வேலை' என்ற சொல்லைக் கவனியுங்கள். மண்ணைத் தொடாமல் மேசையில் இருந்து பார்க்கிற வேலையும் அதற்குள் அடங்கும்.

இந்த விதியால் பணத்தின் பெரும்பங்கு பெரிய பண்ணைகளுக்கே போனது. இது களவு இல்லை. விதிப்படியே நடந்தது. ஆனால் யாருக்கு எவ்வளவு போனது என்ற பட்டியல் வெளியே வந்தால்தான், விதி சரியா பிழையா என்று மக்கள் பேச முடியும். பட்டியல் இல்லாவிட்டால் "விவசாயிக்கு உதவி செய்தோம்" என்ற ஒரே வசனத்தோடு கதை முடிந்துவிடும்.

3. பெயரைச் சொல்ல மறுத்த கதை

அமெரிக்காவில் தகவல் கேட்கும் சட்டம் 1966ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. இருந்தும் பண்ணை மானியம் வாங்கியவர்களின் பெயரைப் பெறுவதற்கு நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. 'வொஷிங்டன் போஸ்ட்' பத்திரிகை, பருத்தி மானியம் வாங்கியவர்களின் பெயரைக் கேட்டு விவசாயத் திணைக்களத்தின் மீது வழக்குப் போட்டது. 1996இல் நீதிமன்றம் பெயர்களைக் கொடுக்கச் சொன்னது. அதற்குப் பிறகு ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு மானியம் பெற்றோர் விபரத்தை வாங்கி, 2001இல் எல்லோரும் தேடிப் பார்க்கும்படி வெளியிட்டது. அயலவர் எவ்வளவு வாங்கினார் என்று கிராமத்து விவசாயி முதன்முறையாகப் பார்த்தார். 2008இல் வந்த விவசாயச் சட்டம் காணி பற்றிய சில விபரங்களை மறைக்கச் சொன்னது. ஆனாலும் யாருக்கு எவ்வளவு பணம் என்பதை மறைக்கச் சொல்லவில்லை. இந்தப் பழைய போராட்டத்தின் பலன்தான் 2020இல் உதவியது.

சம்பளக் கடன் விஷயத்தில் கதை மறுபடியும் முதலில் இருந்து தொடங்கியது. 2020 ஜூனில் அந்நாட்டு நிதிச் செயலாளர், வாங்கியவர்களின் பெயரும் தொகையும் இரகசியமான வியாபார விபரம் என்று சொல்லி வெளியிட மறுத்தார். எதிர்ப்பு வந்ததும் ஜூலை 6ஆம் திகதி அரைவாசி கதவைத் திறந்தார்கள். 1,50,000 டொலரும் அதற்கு மேலும் வாங்கியவர்களின் பெயரை மட்டும் வெளியிட்டார்கள். அதிலும் சரியான தொகை இல்லை. 'இதிலிருந்து இது வரை' என்று ஒரு பரந்த கணக்கு மட்டுமே. அதற்குக் குறைவாக வாங்கிய இலட்சக்கணக்கானவர்களின் பெயர் இல்லை.

பத்திரிகை நிறுவனங்கள் பல சேர்ந்து வழக்குப் போட்டன. 2020 நவம்பர் 5ஆம் திகதி நீதிமன்றம், எல்லாப் பெயரையும் சரியான தொகையையும் வெளியிடும்படி உத்தரவிட்டது. டிசம்பர் 1ஆம் திகதி விபரம் வெளிவந்தது. அதைப் படித்த 'வொஷிங்டன் போஸ்ட்' ஒரு கணக்குச் சொன்னது. பணத்தில் பாதிக்கு மேல், வாங்கியவர்களில் நூற்றுக்கு 5 பேரிடம் போயிருக்கிறது. 'சிறு வியாபாரத்துக்கு உதவி' என்ற பெயரில் கொடுத்த பணம் இது.

4. கடற்கரையில் முளைத்த பண்ணைகள்

பட்டியல் வெளிவந்ததால் என்ன பிரயோசனம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

2021 மே மாதம் 'புரோபப்ளிக்கா' என்ற செய்தி நிறுவனம் ஒரு கட்டுரை வெளியிட்டது. வெளியான சம்பளக் கடன் பட்டியலை அவர்கள் ஊர் ஊராகத் தேடிப் பார்த்தார்கள். நியூ ஜேர்சி மாநிலத்தின் கடற்கரையில் மணல்திட்டு மேல் இருக்கிற ஒரு சிற்றூரில் மாட்டுப்பண்ணை ஒன்று கடன் வாங்கியிருக்கிறது. அந்த ஊரில் மாடு நிற்க இடமே இல்லை! குளிர் தாங்காத தோடை மரம் பனி கொட்டும் மினசோட்டா மாநிலத்தில் தோட்டமாகவே நிற்பதாக இன்னொரு பதிவு. பட்டியலில் இருந்த விலாசத்தைப் பிடித்துப் போய்ப் பார்த்தால் சாதாரண வீடு. வீட்டுக்காரருக்கு ஒன்றுமே தெரியாது. ஒரு விலாசம் அந்த ஊர் நகரபிதாவின் வீடாகவே இருந்தது. தன் வீட்டில் மாட்டுப்பண்ணை இருப்பதாகப் பட்டியல் சொல்லுவதை அவர் செய்தியாளர் கேட்டபோதுதான் அறிந்தார்.

இப்படி 378 கடன்களை அவர்கள் கண்டுபிடித்தார்கள். மொத்தம் சுமார் 70 இலட்சம் டொலர். கிட்டத்தட்ட எல்லாமே 'பண்ணை' என்ற பெயரில். இவை எல்லாம் இணையவழியாகக் கடன் கொடுக்கும் ஒரே கொம்பனி மூலமாக வழங்கப்பட்டவை. பல கடன்களின் தொகை 20,833 டொலருக்குக் கிட்ட. தனி ஆள் நடத்தும் தொழிலுக்குக் கிடைக்கக்கூடிய ஆகக்கூடிய தொகையே அதுதான்.

இப்போது முந்தின பகுதியை ஞாபகப்படுத்துங்கள். 2020 ஜூலையில் வெளியிட்ட பட்டியல் 1,50,000 டொலருக்கு மேல் மட்டும்தான். 20,833 டொலர் வாங்கிய பொய்ப் பண்ணை அந்தப் பட்டியலில் வந்திருக்குமா? வந்திராது. முழுக் கதவும் திறந்தபடியால்தான் மணல்திட்டில் மேய்ந்த மாடு கண்ணில் பட்டது. வொஷிங்டனில் இருக்கிற அதிகாரிக்கு அந்த ஊரில் மாடு இல்லை என்பது தெரியாது. ஊர்க்காரருக்குத் தெரியும். பட்டியலைச் சரிபார்க்க ஊர்க்காரரைப்போல நல்ல கணக்காய்வாளர் வேறு யாரும் இல்லை. இதுதான் இந்தப் பாடத்தின் உயிர்.

5. கையெழுத்து மட்டும் போதுமா?

பண்ணைக்காரருக்கு நேரடியாகக் கொடுத்த திட்டத்திலும் கேள்வி எழுந்தது. அவசரம் கருதி, விண்ணப்பக்காரர் தானே "எனக்கு இத்தனை மாடு, இவ்வளவு விளைச்சல்" என்று எழுதிக் கையொப்பம் இட்டால் போதும் என்று வைத்திருந்தார்கள். ஒரு பகுதியினரிடம் மட்டுமே பிறகு ஆதாரம் கேட்டார்கள். 2022 செப்டெம்பரில் அமெரிக்க அரசாங்கக் கணக்காய்வு அலுவலகம் இதை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. அதற்குள் இந்தத் திட்டத்தில் சுமார் 3,100 கோடி டொலர் கொடுபட்டிருந்தது. இந்தக் கொடுப்பனவுகளை இன்னும் கடுமையாகச் சரிபார்க்க வேண்டும் என்பதே அறிக்கையின் சாரம்.

அவசர நேரத்தில் பத்திரம் பத்திரமாகக் கேட்டு மக்களை அலையவிடக் கூடாது. அது சரி. தண்ணீர் கேட்டவனுக்குக் கிணறு யார் பெயரில் என்று விசாரிக்க முடியாது. ஆனால் முன்னால் சோதிக்க நேரமில்லை என்றால், பின்னால் பட்டியலைத் திறந்து வைக்க வேண்டும். ஒன்று முன் சோதனை, அல்லது பின் வெளிச்சம். இரண்டும் இல்லாத இடத்தில்தான் பணம் காணாமல் போகும்.

6. பட்டியல் காட்டிய இரண்டு இல்லாமைகள்

பட்டியல் பொய்யரைக் காட்டுவதோடு நிற்காது. யார் இல்லை என்பதையும் காட்டும்.

முதலாவது, கறுப்பின விவசாயிகள். 2017ஆம் ஆண்டு விவசாயக் கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் பண்ணை நடத்துகிற ஆயிரம் பேரில் சுமார் 13 பேர் கறுப்பினத்தவர். ஆனால் 2021இல் விவசாயச் செயலாளர் சொன்ன கணக்கின்படி, கொரோனாப் பண்ணை நிவாரணமாகக் கொடுத்த ஏறத்தாழ 2,600 கோடி டொலரில் அவர்களுக்குப் போனது 2 கோடி 8 இலட்சம் டொலர்தான். அதாவது ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அவர்களின் பண்ணைகள் சிறியவை. மாடு எண்ணி, மூடை எண்ணிக் கொடுத்த விதி அவர்களுக்குக் குறைவாகவே அளந்தது. பண்ணைகள் ஏன் சிறியவையாக இருக்கின்றன என்றால் அதற்கும் ஒரு பழைய கதை உண்டு. அரசாங்கப் பண்ணைக் கடனில் தங்களுக்குப் பாகுபாடு காட்டியதாக அவர்கள் போட்ட வழக்கு 1999இல்தான் சமரசமாகி நட்டஈடு கிடைத்தது. பழைய அநியாயத்தின் மேல் புதிய கணக்கைப் போட்டால், விடையும் அநியாயமாகத்தான் வரும்.

இரண்டாவது, பண்ணைத் தொழிலாளர்கள். இது நமக்குக் கிட்டின விஷயம். 2020 மார்ச்சில் விவசாய வேலையை 'அத்தியாவசிய வேலை' என்று அந்த அரசாங்கம் வகைப்படுத்தியது. ஊர் முழுக்க வீட்டில் இருந்தபோது பழம் பறிக்கிறவர்களும் காய்கறி வெட்டுகிறவர்களும் வயலுக்குப் போனார்கள். நம் மலையகத்திலும் அதே நாட்களில் ஊரடங்குக்குள்ளே கொழுந்து எடுத்தது நமக்கு மறக்குமா? பண்ணைக்காரருக்கான நேரடிப் பணம் முதலாளிக்கு. சம்பளக் கடன் எடுத்த பண்ணையில் தொழிலாளிக்குச் சம்பளம் நிற்காமல் கிடைத்திருக்கலாம். ஆனால் பண்ணைத் தொழிலாளிக்கென்று தனியாக நிவாரணம் 2021 செப்டெம்பரில்தான் அறிவிக்கப்பட்டது. ஒருவருக்கு 600 டொலர் வரை. அதைப் பகிரும் வேலை 2022 ஒக்டோபரில்தான் தொண்டு அமைப்புகளிடம் ஒப்படைக்கப்பட்டது. முதலாளிக்கு விண்ணப்பம் திறந்தது 2020 மே 26ஆம் திகதி. இந்த இரண்டு திகதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். இரண்டு வருடத்துக்கு மேல் இடைவெளி! கணக்கு வெளிச்சத்தில் இருந்தபடியால்தான் இந்த வித்தியாசத்தை நாமும் இங்கிருந்து எண்ண முடிகிறது.

7. பெயரை வெளியிடுவது எப்போதும் சரியா?

நியாயமான எதிர்க் கேள்வி ஒன்றும் உண்டு. "ஒரு மனுசன் கஷ்டத்துல வாங்கின உதவியை ஊருக்கெல்லாம் சொல்லணுமா? அவருக்கு மானம் இல்லையா?"

ஐரோப்பாவில் இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போனது. ஐரோப்பிய ஒன்றியம் விவசாய மானியம் வாங்கிய எல்லோரின் பெயரையும் தொகையையும் இணையத்தில் போட்டது. ஜேர்மனியின் ஹெஸ்ஸே மாநிலத்தில் மானியம் பெற்ற பண்ணைக்காரர்கள் அதை எதிர்த்தார்கள். 2010 நவம்பர் 9ஆம் திகதி ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பொதுப்பணத்தைப் பற்றி அறிய மக்களுக்கு உரிமை உண்டு. ஆனால் கொஞ்சம் வாங்கியவர், நிறைய வாங்கியவர் என்ற வித்தியாசம் பார்க்காமல் ஒவ்வொரு தனி ஆளின் பெயரையும் போடுவது அளவுக்கு மிஞ்சியது என்பதே தீர்ப்பு. கொம்பனிகளுக்கு இந்தச் சலுகை இல்லை. அதன் பிறகு 2013இல் விதியை மாற்றினார்கள். சிறு தொகை வாங்குகிற விவசாயியின் பெயரை மறைத்து, ஊரையும் தொகையையும் மட்டும் போடுவது. அதற்கு மேல் வாங்கினால் பெயரோடு போடுவது. அந்தச் சிறு தொகையின் எல்லை ஆகக்கூடியது வருடத்துக்கு 1,250 யூரோ.

இதில் ஒரு நல்ல புத்தி இருக்கிறது. பெருந்தொகை வாங்குகிற கொம்பனிக்கும் அரிசிக்குக் கஷ்டப்படுகிற குடும்பத்துக்கும் ஒரே அளவுகோல் வைக்கக் கூடாது. கொம்பனியின் பெயரை மறைப்பதற்கு மானம் என்ற காரணம் செல்லாது. குடும்பத்தின் விஷயத்தில் பெயரைவிட விதியும் எண்ணிக்கையும்தான் முக்கியம்.

8. நம் நாட்டில் என்ன இருக்கிறது?

2020 ஏப்ரல், மே மாதங்களில் நம் நாட்டிலும் வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு 5,000 ரூபா கொடுத்தார்கள். யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை, தோட்டத்தில் நிரந்தரமாகப் பதிந்தவர்களுக்கு உண்டா என்று லயத்துக்கு லயம் கேள்வி எழுந்தது. "லிஸ்டுல பேரு இல்ல" என்ற ஒரு சொல்லோடு திரும்பி வந்தவர்கள் பலர். அந்த லிஸ்டை யார் எழுதியது, எந்த விதிப்படி எழுதியது என்று கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான்.

2023இல் 'அஸ்வெசும' திட்டம் வந்தபோது தெரிவானவர்களின் பட்டியலை வெளியே வைத்து, மேன்முறையீடும் ஆட்சேபனையும் கேட்டார்கள். இலட்சக்கணக்கானோர் மேன்முறையீடு செய்தார்கள். பட்டியல் வெளியே வந்ததால்தான் விடுபட்டவர் தான் விடுபட்டதைக் கண்டு எழுதிக் கேட்க முடிந்தது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். பட்டியல் வெளியே வராவிட்டாலும் கேட்டு வாங்குகிற உரிமை நமக்கு உண்டு. 2015இல் அரசியலமைப்புக்குச் செய்த 19ஆவது திருத்தம் தகவல் பெறுவதைப் பிரசைகளின் அடிப்படை உரிமை ஆக்கியது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3ஆம் திகதி முதல் நடைமுறையில் இருக்கிறது. அமைச்சு, பிரதேச செயலகம், பிரதேச சபை, அரசாங்கக் கூட்டுத்தாபனம், அரசாங்கத்துக்கு நூற்றுக்கு 25 அல்லது அதற்கு மேல் பங்கு இருக்கிற கொம்பனி எல்லாம் இந்தச் சட்டத்துக்குள் வரும்.

கேட்கும் முறை இதுதான்:

அ) ஒவ்வொரு அரசாங்க அலுவலகத்திலும் ஒரு தகவல் அலுவலர் இருக்க வேண்டும். அவருக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். எந்த மொழியில் விடை வேண்டும் என்பதையும் எழுதுங்கள்.

ஆ) எழுதத் தெரியாதவர் வாயால் சொல்லலாம். அதை எழுத்தில் பதிந்துகொள்வது அந்த அலுவலரின் கடமை. "எழுதிக்கிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்ப முடியாது.

இ) ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை.

ஈ) விண்ணப்பம் கிடைத்ததற்கு எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். திகதியைக் குறித்து வையுங்கள்.

உ) 14 வேலை நாட்களுக்குள் கொடுப்பதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். கொடுப்பதென்றால் அதிலிருந்து 14 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். நிறையக் கடதாசி தேட வேண்டியிருந்தால் காரணம் சொல்லி, மேலும் 21 நாள் வரை எடுக்கலாம்.

ஊ) மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யலாம். அவர் மூன்று வாரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவுக்குப் போகலாம்.

கேட்கும்போது ஒன்றை மனதில் வையுங்கள். இந்தச் சட்டம் கடதாசியைத் தரும். நியாயத்தைத் தராது. "எனக்கு ஏன் தரவில்லை? இது அநியாயம்" என்று எழுதினால் சுற்றி வளைத்து ஒரு பதில் வரும். "எந்தச் சுற்றறிக்கைப்படி தெரிவு நடந்தது? அதன் பிரதி வேண்டும்" என்று எழுதினால் அலுவலகத்தில் இருக்கிற கடதாசியைத் தர வேண்டும். அந்தக் கடதாசியைக் கையில் வைத்துக்கொண்டு நியாயத்தைக் கேட்பது நம் வேலை, சங்கத்தின் வேலை.

இன்னொன்று. மற்றவரின் சொந்த விபரத்தைப் பொதுநலக் காரணம் இல்லாமல் தர மறுக்கச் சட்டத்தில் இடம் உண்டு. அது நமக்கும் பாதுகாப்புத்தான். ஆகவே பக்கத்து வீட்டு அக்கா எவ்வளவு வாங்கினார் என்று கேட்காமல், விதியையும் எண்ணிக்கையையும் மொத்தத் தொகையையும் கேளுங்கள். உங்கள் சொந்த விண்ணப்பக் கோவையை நீங்களே கேட்கலாம்.

மாதிரி விண்ணப்பம்:

தகவல் அலுவலர்,
பிரதேச செயலகம், ..................

ஐயா / அம்மா,

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், .................. கிராம சேவகர் பிரிவில் .................. நிவாரணக் கொடுப்பனவு தொடர்பாகக் கீழ்வரும் தகவல்களைத் தமிழ் மொழியில் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

1. பயனாளிகளைத் தெரிவு செய்வதற்குப் பின்பற்றிய சுற்றறிக்கையின் பிரதி.
2. இப்பிரிவில் விண்ணப்பித்த குடும்பங்களின் எண்ணிக்கை, தெரிவான குடும்பங்களின் எண்ணிக்கை, தோட்டம் தோட்டமாக.
3. வழங்கிய மொத்தத் தொகையும் வழங்கிய திகதிகளும்.
4. எனது சொந்த விண்ணப்பத்தின் மீது எடுத்த முடிவும் அதற்கான பதிவும்.

இப்படிக்கு,
பெயர், விலாசம், திகதி, கையொப்பம்.

இதை ஒரு ஆள் தனியாகக் கொடுப்பதைவிட, படிப்பு வட்டத்தில் நாலைந்து பேர் உட்கார்ந்து எழுதி, ஒருவர் பெயரில் கொடுத்து, வரும் விடையை எல்லோரும் படிப்பது நல்லது. பிள்ளைகளில் மேல்வகுப்புப் படிப்பவர் இருந்தால் எழுதச் சொல்லுங்கள். அவர்களுக்கும் இது ஒரு படிப்பு.

9. இந்தப் பாடத்தின் சுருக்கம்

எந்த நிவாரணம் வந்தாலும் ஐந்து கேள்விகளைக் கைவிரலில் வைத்துக்கொள்வோம்.

மொத்தம் எவ்வளவு?
யாருக்கு என்று எந்த விதி சொல்கிறது?
அந்த விதிப்படி யாரைத் தெரிவு செய்தார்கள், தெரிந்தவர் யார்?
கையில் கிடைத்தது எவ்வளவு, எப்போது?
விடுபட்டவர் எங்கே போய்க் கேட்பது?

இந்த ஐந்தில் ஒன்றுக்கு விடை இல்லாவிட்டாலும் அந்தக் கணக்கு முடியவில்லை என்று அர்த்தம். மொத்தத் தொகையை மட்டும் பெரிதாக மேடையில் சொன்னால், மற்ற நாலையும் நாம் கேட்க வேண்டும்.

கலந்துரையாடலுக்கு:

1. நட்டத்தின் அளவுக்குக் கொடுப்பது, தலைக்கு இவ்வளவு என்று கொடுப்பது, இந்த இரண்டில் எது நியாயம்? நம் தோட்டத்தில் மண்சரிவு வந்தால் நீங்கள் எப்படிப் பங்கிடுவீர்கள்?

2. பொய்ப் பண்ணையை ஊர்க்காரர் கண்டுபிடித்ததுபோல், நம் பிரிவின் பட்டியலில் நாம் மட்டுமே கண்டுபிடிக்கக்கூடிய பிழைகள் எவை?

3. உதவி வாங்கிய குடும்பத்தின் பெயரை அறிவிப்புப் பலகையில் போடலாமா? எந்த அளவுக்குப் போடலாம்?

4. உங்கள் வட்டத்தில் உள்ளவர்களுக்குக் கடைசியாகக் கிடைத்த அல்லது கிடைக்காமற்போன ஒரு கொடுப்பனவை எடுங்கள். மேலே சொன்ன ஐந்து கேள்விகளில் எத்தனைக்கு உங்களிடம் விடை உண்டு? விடை இல்லாதவற்றை மாதிரி விண்ணப்பத்தில் எழுதி, இந்த மாதமே கொடுங்கள்.